மாத்திரை என்றால் அளவு



ஞாயிறு திருப்பலி முடிந்து, கோவிற்பிள்ளை பீடத்து மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருக்கும் வேளையில், பங்கு இல்லத்து வாசலில் எவரேனும் ஒருவர் தயங்கி நிற்பது வழக்கம். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தவராயிருக்கும் என்றெண்ணி நாம் வெளியே வந்தால், "சாமி, மண்டையிடி தாங்கவில்லை, ஒரு மாத்திரை இருக்குமா?" என்பார். நாமும் மேசை அறையைத் திறந்து, ஒன்றுக்கு இரண்டாய்க் கிள்ளிக் கொடுத்து, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவைப்போம். பல ஆண்டுகளாக இதை ஓர் அறச்செயல் என்றே கருதிவந்தோம். அறச்செயலிலும் அறியாமை கலந்தால் அது தீமையாய் முடியும் என்பதை நமக்கு உணர்த்திய இரு நிகழ்ச்சிகளை இம்மாதம் உங்கள் முன் வைக்கின்றோம்.

முதல் நிகழ்ச்சி கல்வராயன் மலைமேல் உள்ள ஒரு சிற்றூரில் நடந்தது. அங்கே ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல். தாய் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் மலைக்கு நாம் போகும்போதெல்லாம் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து தரும் நல்லவர். கீழே சந்தைக்குப் போன உறவினர் ஒருவர் கடையொன்றில் காய்ச்சல் மருந்து கேட்டு ஒரு சிறு புட்டி வாங்கி வந்திருந்தார். தாய் அதிலிருந்து நாளொன்றுக்கு நான்கு முறை, முறைக்கு ஒரு கரண்டி வீதம், இரண்டு நாள் ஊட்டியிருந்தார். மூன்றாம் நாள் நாம் போனபோது குழந்தை பாலைக் கக்கிக்கொண்டு, விழிப்பும் உறக்கமுமற்ற நிலையில் கிடந்தது. புட்டியை வாங்கிப் பார்த்தோம். அது சொட்டு மருந்து. அதை அளக்க வேண்டிய சிறு குழல் பெட்டியோடு எங்கோ எறியப்பட்டிருந்தது.

"மூத்தவனுக்கும் ஒரு கரண்டிதானே சாமி கொடுத்தேன். நர்சம்மா கொடுத்த மருந்தில் அதே அளவுதானே சாமி கொடுத்தேன்" என்று அத்தாய் அழுதது இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. மூத்த பிள்ளைக்குச் சுகாதார நிலையத்தில் கொடுத்தது பாகு மருந்து. அதில் ஐந்து மில்லி கொண்ட ஒரு கரண்டியில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். இம்முறை வந்தது சொட்டு மருந்து. அதில் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். ஆகவே ஒரு கரண்டியில் 500 மில்லிகிராம், அதாவது பெரியவர் ஒருவர் விழுங்கும் முழு மாத்திரையின் அளவு, எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு பச்சைக் குழந்தைக்குள் நாளொன்றுக்கு நான்கு முறை போயிருக்கின்றது. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, இனிப்பும் ஒன்று. வலிமை மட்டும் நான்கு மடங்கு.

ஜீப்பில் மலையிறங்கிக் குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே மாற்று மருந்தை நரம்பின் வழியே ஏற்றினார்கள். ஆண்டவர் இரங்கினார், குழந்தை பிழைத்தது. புட்டியை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுவந்ததே நல்லதாயிற்று என்று மருத்துவர் கூறினார்.

இரண்டாம் நிகழ்ச்சியில் குற்றவாளி நாமே. நம் பங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலையேறி மலையிறங்கி மறைக்கல்வி புகட்டிய உபதேசியார் ஒருவர் உண்டு. முழங்கால் வலியால் அவர் நொண்டி நடப்பதைக் கண்டு மனம் பொறாமல், மருத்துவ முகாமொன்றில் மிஞ்சிப்போன வலி மாத்திரை அட்டைகளை அவருக்கு ஒவ்வொன்றாய்க் கொடுத்துவந்தோம். வலி நின்றது, அவரும் மகிழ்ந்தார், நாமும் மகிழ்ந்தோம். நான்கு மாதம் சென்றது. அவரோ பழைய ஒழுங்கில் வளர்ந்தவர். திவ்விய நற்கருணை உட்கொள்ளும் நாளில் நடுநிசி முதல் பச்சைத் தண்ணீரும் அருந்தமாட்டார். ஆனால் விடியற்காலையில் மலையேற வேண்டுமே என்று, வெறும் வயிற்றில் ஒரு மிடறு நீரோடு அம்மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வார். ஒரு நாள் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். பல நாட்களாகவே மலம் தார் போலக் கறுத்துப் போயிருந்ததாம்; கூச்சத்தால் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரைப்பையில் புண்ணாகி உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருக்கின்றது. இரத்தம் ஏற்றி உயிரை மீட்டார்கள். ஆயினும் அவர் மீண்டும் மலையேறவில்லை. கட்டிலருகே நாம் அமர்ந்தபோது அவர் சொன்ன சொல் இது: "சாமி கொடுத்த மாத்திரை ஆயிற்றே, கெடுதல் செய்யுமா என்று இருந்துவிட்டேன்."

அன்று முதல் நம் மேசை அறை காலியாயிற்று. அன்று முதலே இம்மருந்துகளைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொள்ளலானோம். அறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கின்றோம்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். துன்பத்தைப் பொறுமையோடு தாங்குவதே கிறிஸ்தவனுக்கு அழகு. அப்படியிருக்க வலிக்கு மருந்து தேடுவது விசுவாசக் குறைவு அன்றோ என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இது தவறான எண்ணம். சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும், மண்ணிலிருந்து மருந்துகளைத் தோன்றச் செய்தவர் ஆண்டவரே என்றும், அறிவுள்ளவன் அவற்றைத் தள்ளமாட்டான் என்றும் அந்நூல் போதிக்கின்றது. கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் தமக்கு வேண்டாம் என்று மறுத்தது மெய்யே. ஆனால் தம்மிடம் வந்த நோயாளி எவரையும் வலியோடு இரு என்று அவர் திருப்பி அனுப்பியதில்லை. 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் உரையாற்றியபோது, வலியைத் தணிக்கும் மருந்தைப் பயன்படுத்துவது முறையானதே என்று தெளிவாகக் கூறியிருக்கின்றார். ஆகவே வலிக்கு மருந்து உண்பது பாவமன்று. அளவறியாமல் உண்பதும், அறியாதவருக்கு அறியாமலே கொடுப்பதுமே நாம் அஞ்ச வேண்டியவை.

இன்று நம் வீடுகளில் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் வழங்கும் பொதுவான மருந்து பாராசிட்டமால் என்பது. குரோசின், கால்பால், டோலோ, மெட்டாசின் எனக் கடையில் பெயர் பலவாயினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றே. இதன் வரலாறு விந்தையானது. 1886-இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் இரு மருத்துவர்கள் குடற்புழுவுக்கென ஒரு பொருளை வரவழைக்க, கடைக்காரர் தவறுதலாய் வேறொன்றை அனுப்பிவிட்டார். அதை உண்ட நோயாளியின் புழு போகவில்லை, காய்ச்சல் போயிற்று. அசிட்டனிலைடு என்னும் அப்பொருள் உடனே புகழ் பெற்றது. ஆனால் உண்டவர்களில் சிலருடைய உதடும் நகமும் நீலமாயின. அதன் உறவுப் பொருளாகிய பாராசிட்டமால் 1878-லேயே ஆக்கப்பட்டு, 1893-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டும், அதுவும் இரத்தத்தைக் கெடுக்கும் என்ற தவறான எண்ணத்தால் அரை நூற்றாண்டு காலம் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1948-இல் அமெரிக்காவில் பிராடி, ஆக்சல்ராட் என்னும் இரு ஆய்வாளர்கள், பழைய மருந்தின் நற்பயன் அனைத்தும் உடலுக்குள் அது பாராசிட்டமாலாய் மாறுவதனால் விளைந்ததே என்றும், இரத்தத்துக்கு வந்த தீங்கு வேறொன்றால் வந்தது என்றும் கண்டறிந்தனர். வீடு கட்டுவோர் ஒதுக்கிய கல் மூலைக்கு வந்த கதைதான் இதுவும்.

இம்மருந்து காய்ச்சலைத் தணிக்கும். மிதமான வலியை ஆற்றும். இரைப்பையை அரிக்காது. கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் அன்னையருக்கும், மருத்துவர் சொற்படி, மற்ற வலி மருந்துகளைவிட ஏற்றது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் இதைக் கருவுற்றோர் உண்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்பதுபோலப் பேசி உலகெங்கும் அச்சத்தைக் கிளப்பினார்; அத்தகைய தொடர்புக்கு உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே அறிவித்தது. டெங்கு என ஐயுறும் காய்ச்சலில் ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கும் ஆதலால், அங்கேயும் கொடுக்கத் தக்கது பாராசிட்டமாலே. இத்தனை நன்மையும் அளவுக்குள் நிற்கும்வரைதான்.

குருமடத்தில் நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒரு முறை கேட்டார்: "மாத்திரை என்றால் என்ன?" மருந்து என்றான் ஒருவன். "இல்லை, மாத்திரை என்றால் அளவு" என்றார். இயல்பாய்க் கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம் எனத் தொல்காப்பியர் வகுத்தது எழுத்தின் ஒலி அளவை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அளவு மாறினால் 'கல்' 'கால்' ஆகிவிடும். மருந்தும் அவ்வாறே, அளவு மாறினால் பொருளே மாறிவிடும். திருவள்ளுவர் 'மருந்து' என்றே தலைப்பிட்ட அதிகாரத்தில் மருந்துப் பெயர் எதுவும் கூறாது, உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசுவதன் நுட்பமும் இதுவே. திமோத்தேயுவின் வயிற்று நோய்க்குத் திராட்சை இரசம் பருகச் சொன்ன சின்னப்பரும் 'சிறிதளவு' என்று எல்லை வகுத்தே எழுதினார்.

அவ்வளவு யாது? வளர்ந்த ஒருவர் ஒரு முறைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொள்ளலாம். மறுமுறைக்கு இடையே நான்கு மணி நேரமேனும், கூடுமானால் ஆறு மணி நேரம், கழிய வேண்டும். ஒரு நாள் முழுவதற்கும் 4 கிராம் என்பது தாண்டக்கூடாத எல்லை. அது நாள்தோறும் எட்ட வேண்டிய இலக்கு அன்று. மெலிந்த உடலினர், முதியோர், கல்லீரல் நோயுடையோர், குடிப்பழக்கம் உள்ளோர் ஆகியோருக்கு எல்லை இதனினும் குறைவு. அதை மருத்துவர்தாம் வகுக்க வேண்டும். குழந்தைகளுக்கு வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டே கணக்கு. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு முறைக்கு. நாளில் நான்கு முறைக்கு மேல் ஆகாது. மூன்று மாதம் நிறையாத சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது. நேரே மருத்துவரிடம் செல்லுங்கள். நாம் மேலே சொன்ன குழந்தைக்கு அச்சொட்டு மருந்தில் உரிய அளவு ஏறத்தாழ ஒரு மில்லி. சமையற்கரண்டி ஒன்றைவிட மற்றொன்று பெரிதாயிருக்கும். ஆகவே புட்டியோடு வரும் குழலாலோ மூடியாலோ மட்டுமே அளக்க வேண்டும்.

அளவு மீறினால் என்ன ஆகும்? நாம் உண்ணும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் கட்டுப்படுத்திச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகின்றது. ஒரு சிறு பகுதி மட்டும் நஞ்சாய் மாறும். அந்நஞ்சை அடக்குவதற்கென்றே கல்லீரலில் குளூட்டாதயோன் என்னும் காவற்பொருள் ஒன்று உண்டு. மருந்து மிகுந்தால் நஞ்சு மிகும், காவற்பொருள் தீர்ந்துபோகும், பிறகு நஞ்சு கல்லீரலையே அழிக்கத் தொடங்கும். இதில் அச்சந்தருவது யாதெனில், முதல் நாள் பெரிதாய் ஒன்றும் தெரியாது. சற்றுக் குமட்டல், சற்றுச் சோர்வு, அவ்வளவே. நோயாளி தேறிவிட்டார் என வீட்டார் எண்ணியிருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலப்பக்க விலாவின் கீழ் வலியும், மஞ்சள் காமாலையும், அறிவு மயக்கமும் தலைகாட்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலும் தீங்கு நேராது. தாமதித்துக் கொடுத்தாலும் பயனுண்டு, ஆனால் தாமதிக்கத் தாமதிக்க ஆபத்து ஏறும். ஆதலின் அறியாமலோ மனவேதனையிலோ எவரேனும் அளவுக்கு மீறி உண்டுவிட்டார் எனத் தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கின்றார் என்று காத்திராமல், 108 வண்டியை அழைத்து மருந்து அட்டையோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். திட்டவேண்டாம்; குற்றஞ்சாட்ட வேண்டாம்; கொண்டுசெல்லுங்கள்.

உண்ணா நோன்பிருப்போருக்கும் போதிய உணவின்றி மெலிந்தோருக்கும் அக்காவற்பொருள் முன்னமே குறைந்திருக்கும். குடிப்பவருக்கோ இரட்டைக் கேடு: காவலும் குறையும், நஞ்சு உண்டாகும் வேகமும் கூடும். இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் எவரும் மறக்க இயலாது. ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பிணங்கள் கிடத்தப்பட்ட காட்சியை நாடே கண்டது. மெத்தனால் நஞ்சின் முதற்குறிகள் யாவை? தலைவலி, வயிற்றுவலி, வாந்தி, கண்பார்வை மங்கல். இவற்றுள் முதலிரண்டும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்துவிடத் தூண்டும் குறிகள்; அப்படிப் படுப்பவன் இழப்பது சிகிச்சைக்குரிய நேரத்தையே. குடித்தவனின் தலைவலிக்கு மாத்திரை மருந்தன்று. அவன் குடித்தது இன்னதென்று தெரியாதபோது அவனுக்குரிய இடம் மருத்துவமனையே. இதை வீட்டுப் பெண்மக்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

இனி, நம் உபதேசியாரை வீழ்த்திய மருந்துக்கு வருவோம். அது பாராசிட்டமாலும் டைக்குளோபெனாக்கும் சேர்ந்த கலப்பு மாத்திரை. டைக்குளோபெனாக், அசிக்குளோபெனாக், இபுபுரூபன், நிமசுலைடு, ஆஸ்பிரின் இவையெல்லாம் வேறொரு குடும்பம். உடலில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை உண்டாகவொட்டாமல் தடுப்பதே இவற்றின் வேலை. இதைக் கண்டறிந்த ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றது. சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தையும் பேணுகின்றது. வலியைத் தடுக்கப் போய் வாயிற்காவலனையும் சேர்த்துக் கட்டிப்போட்டதாய் முடிகின்றது. ஆகவே நீண்ட நாள் உண்டால் இரைப்பைப் புண், இரத்தக் கசிவு, சிறுநீரகச் சேதம், இரத்த அழுத்த ஏற்றம் ஆகியவை நேரலாம். வெயிலில் நீர்வற்றிக் கரும்பு வெட்டும் தொழிலாளிக்கும், சர்க்கரை நோயாளிக்கும், இருதய நோய்க்கென ஆஸ்பிரின் உண்டுவரும் முதியவருக்கும் இவ்வாபத்து மிகுதி. மருத்துவர் இருதயத்துக்கெனக் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் கூடாது; அதன்மேல் வேறு வலி மாத்திரையைத் தாமாகச் சேர்ப்பதும் கூடாது. நிமசுலைடைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதை 2011-லேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரினும் ஆகாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய கொடுநோய் ஒன்று அதனால் வரக்கூடும்.

டைக்குளோபெனாக்கின் கொடுமைக்கு வானத்துப் பறவைகளே சாட்சி. மாடுகளுக்கு அதை ஊசியாய்ப் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. காரணம் இன்னதென 2004-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 2006-இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதற்குள் அவ்வினத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இன்று தமிழகத்தில் அவற்றைக் காண வேண்டுமானால் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். மனிதன் கழுகு அல்லன் என்பது உண்மையே. ஆயினும் ஓர் உயிரின் வலிக்குக் கொடுத்த மருந்து வேறோர் உயிரின் குலத்தையே அறுத்தது என்பது சிந்திக்கத் தக்கதன்றோ!

இக்குடும்பத்து மருந்துகளை எங்ஙனம் அடையாளம் காண்பது? மாத்திரை அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. எழுத்தறியாதவரும் காணக்கூடிய அடையாளம் இது. மலைமேல் மக்கள்தொகை ஆயிரத்துக்கு மேற்படாத சிற்றூர்களில், உரிமம் இல்லாத பெட்டிக்கடைகளும் பாராசிட்டமால், ஆஸ்பிரின் போன்ற சில வீட்டு மருந்துகளை விற்க 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடமளிக்கின்றன. பிரிக்கப்படாத மூல உறையில், உரிமம் பெற்றோரிடம் வாங்கியதாய் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பெயரும் தேதியும் தெரியாத நான்கைந்து நிற மாத்திரைகளைத் தாளில் மடித்து 'உடம்புவலி செட்டு' என்று தருவதற்கு எந்த விதியும் இடமளிக்கவில்லை. அதை வாங்காதீர்கள்.

ஆனால் அறிவுரை கூறுவது எளிது. 1976-இல்தான் ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்த மலை இது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுக்கும்வரை, சாலையும் மருத்துவமும் எட்டாத ஊர்கள் இங்கே உண்டு என்பதே பலருக்குத் தெரியாதிருந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி, பாரம் சுமந்து, கச்சிராயபாளையத்துக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் ஆலைக் கரும்பு வெட்டப் போய் அந்தியில் திரும்பும் ஒருவருக்கு, மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மாத்திரையோ சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றது. மறுநாள் மீண்டும் வேலைக்குப் போக வேண்டுமே! ஏழைக்கு வலி மாத்திரை மருந்தாக மட்டும் இல்லை; ஓய்வுக்குப் பதிலாகவும் அதுவே இருக்கின்றது. ஆகவே அவரைக் கடிந்துகொள்வதற்கு முன், கூலி கொடுக்கும் நம் சபையார் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: நம் வயலில் உழைப்பவர் நோயுற்ற நாளில் ஓய்ந்திருக்க நாம் விடுகின்றோமா?

இனி நம் இல்லங்களுக்குரிய சில தீர்மானங்களைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, ஒரே மருந்தை இரு பெயரில் உண்ணாதிருங்கள். சளி மாத்திரை, சளிப் பாகு, உடல்வலிக் கலப்பு மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் உள்ளடங்கியிருக்கும். அதன்மேல் தனியாக இன்னொன்று போட்டால் அளவு இரட்டிக்கும். அட்டையின் பின்புறத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், வலி சில நாளில் தணியாவிட்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுங்கள். வலி என்பது வீட்டு நாயின் குரைப்பு. நாயின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விடமாட்டான். மூன்றாவது, கறுத்த மலம், இரத்த வாந்தி, மஞ்சட் கண், சிறுநீர்க் குறைவு, முகவீக்கம், நெஞ்சுவலி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று கண்டாலும் கூச்சப்படாமல் அன்றே சொல்லுங்கள். 2022 ஜனவரி முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகின்றது. ஐயம் கேட்க 104 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணும் உண்டு. நான்காவது, மருந்தைக் குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில், அதன் பெட்டியோடும் அளவுக் குழலோடும் வையுங்கள்.

ஐந்தாவது, முதியோருக்கு ஒரு சொல். திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் பிரிவின்படி, நற்கருணைக்கு முன் உபவாசம் ஒரு மணி நேரமே. தண்ணீரும் மருந்தும் அந்த உபவாசத்தை முறிப்பதில்லை. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். ஆகவே உணவுக்குப் பின் உண்ண வேண்டிய மருந்தை உணவுக்குப் பின்னரே உண்டு, அமைதியாய்ப் பந்திக்கு வாருங்கள். இதை நம் உபதேசியாருக்கு உரிய காலத்தில் நாம் சொல்லியிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் நமக்காக மறைக்கல்வி போதித்தவருக்கு இந்த ஒரு வரியை நாம் போதிக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் வாசலில் தயங்கி நிற்பவரிடம் நாம் மாத்திரை கொடுப்பதில்லை. திண்ணையில் அமரச் சொல்கின்றோம். எத்தனை நாளாய் வலி, என்ன உண்டீர், வேறு என்ன மருந்து போடுகின்றீர், குடிப்பதுண்டா, இரவில் உறக்கம் உண்டா என்று கேட்கின்றோம். பாதிப் பேருக்கு வலி தலையில் இல்லை, வீட்டில் இருக்கின்றது என்பதும் அப்போதுதான் தெரிகின்றது. மற்றவரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புகின்றோம். தனியே போகத் தயங்குவோருடன் இளைஞர் ஒருவரையும் அனுப்புகின்றோம். நம் உபதேசியாரும் கைத்தடியை ஊன்றி அத்திண்ணையில் வந்து அமர்கின்றார். மருந்து அட்டைகளை மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்து, சிவப்புக் கோடு இருக்கின்றதா என்று பார்த்துச் சொல்வது இப்போது அவர் வேலை. மலைமேலிருந்து அந்தத் தாயும் தன் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு ஒரு நாள் வந்தார். அவர் கையில் இப்போதும் ஒரு சொம்பு மோர் இருந்தது.

நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர், நம் கைகளுக்கு இரக்கத்தையும் அந்த இரக்கத்துக்கு அளவறியும் அறிவையும் அருள்வாராக. ஆமென்.